மூக்குத்திப் புண் என்று நான்கு வருடம் விட்டுவிட்டோம், இன்னும் காத்திருக்கலாமா?

பூம்பாறை_மகள் எழுதியது:

வணக்கம். கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை எங்கள் ஊர். அம்மாவுக்கு வயது 61. பத்து வயதிலிருந்து பூண்டுக் காட்டில்தான் இருக்கிறார். தலையில் ஒரு துண்டு, அவ்வளவுதான். முகத்துக்கு எந்த மறைப்பும் கிடையாது.

நான்கு வருடங்களுக்கு முன் அம்மாவின் வலது மூக்கு மடலில், மூக்குத்தித் துளைக்கு ஓரமாக, கடுகளவில் ஒரு கருப்புப் புள்ளி வந்தது. மூக்குத்தி உரசிய புண் என்று வீட்டில் எல்லோரும் முடிவு செய்தோம். பாட்டி கொடுத்த சிவப்புக்கல் மூக்குத்தி அது. பழைய நகையில் செம்பு கூடுதலாக இருக்கும், அதனால்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்றார் மாமா. புதுத் தங்கத்தில் செய்து போட்டோம். புள்ளி போகவில்லை. பிறகு மூக்குத்தியையே கழற்றிவிட்டுத் துளை தூர்ந்துவிடாமல் வேப்பங்குச்சி செருகிக்கொண்டார். அப்போதும் போகவில்லை.

இப்போது அது மிளகைவிடச் சற்றுப் பெரியது. கருப்பும் சாம்பலும் கலந்த நிறம். வெளிச்சத்தில் பார்த்தால் எண்ணெய் தடவியதுபோல் மினுங்குகிறது. நடுவில் ஒரு சிறு பள்ளம் விழுந்திருக்கிறது. முகம் கழுவித் துண்டால் துடைக்கும்போது சில நாள் ரத்தம் கசியும். பொருக்குக் கட்டும். பத்து நாளில் பொருக்கு உதிரும். “பார், ஆறிவிட்டது” என்பார். அடுத்த மாதம் அதே இடத்தில் மறுபடியும் ரத்தம். வலி இல்லை, அரிப்பு இல்லை. எங்கள் தோட்டத்துப் பூண்டையே அரைத்து இரண்டு முறை வைத்துப் பார்த்தார். சுற்றியிருந்த நல்ல தோல் வெந்துபோனதுதான் மிச்சம்.

போன மாதம் சளிக்குக் காட்டப் போன இடத்தில் மருத்துவர் இதைக் கவனித்துவிட்டார். டார்ச் அடித்து, பூதக்கண்ணாடி வைத்து நெடுநேரம் பார்த்தார். “தோல் புற்றுநோயாக இருக்கலாம். மெதுவாக வளரும் வகை. பெரும்பாலும் உயிருக்கு ஆபத்து இல்லை. மதுரைக்குப் போய்ச் சதை எடுத்துப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்” என்றார்.

அம்மா அதில் “மெதுவாக”, “ஆபத்து இல்லை” என்ற இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டார். பூண்டு பிடுங்கும் நேரம், ஆள் கிடைப்பதில்லை. பிடுங்கி, கட்டி, புகை போட்டு முடித்தால் வேலப்பர் தேர் வந்துவிடும். தேர் முடியட்டும் என்கிறார். தேர் முடிந்தால் அடுத்த விதைப்பு வரும் என்று எனக்குத் தெரியும். இதற்கு நடுவில் பெரியப்பா, “கத்தி பட்டால்தான் அது பரவும், தொடாமல் விட்டால் தூங்கிக்கொண்டிருக்கும்” என்று சொல்லிவிட்டார். அம்மாவின் பயத்துக்கு அது போதுமானதாக இருக்கிறது.

உயிருக்கு ஆபத்தில்லாத வகை என்றால் உண்மையிலேயே சில மாதம் பொறுக்கலாமா? பொறுத்தால் என்ன ஆகும்? இதை அனுபவித்தவர்கள் யாராவது இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அம்மாவுக்கு அப்படியே படித்துக் காட்டப்போகிறேன்.

மன்னவனூர்_விவசாயி எழுதியது:

பக்கத்து ஊர்க்காரன் என்பதால் முதலில் ஒரு தைரியம் சொல்கிறேன். என் மாமியாருக்கும் கன்னத்தில் இப்படிக் கருப்பாகத்தான் வந்தது. நாங்களும் பயந்துதான் போனோம். பரிசோதனையில் வயதானவர்களுக்கு வரும் சாதாரண மரு என்று தெரிந்தது. எனவே உங்கள் அம்மாவுக்கும் ஒன்றுமில்லாமல் இருக்கலாம். ஆனால் மாமியாருக்கு ஒன்றுமில்லை என்பதே அந்தச் சதைப் பரிசோதனையால்தான் தெரிந்தது. கண்ணால் பார்த்து யாரும் சொல்லவில்லை.

இன்னொன்று. நம் மலையில் குளிராக இருப்பதால் வெயில் சுடுவதில்லை என்று நினைக்கிறோம். தோலைக் கெடுக்கும் புறஊதாக் கதிருக்குச் சூடு கிடையாது. உயரம் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் அது சுமார் 10 விழுக்காடு கூடுகிறது; மேகமூட்டத்திலும் பெரும்பகுதி இறங்கிவிடுகிறது. சூரியனை ஆராய 1901 முதல் கொடைக்கானல் மலையில், 2,300 மீட்டருக்கும் மேலான உயரத்தில், ஆய்வகம் இயங்கிவருகிறது. வெயில் இங்கே அவ்வளவு தெளிவாக விழுகிறது. நாமோ நாள் முழுக்க அதன்கீழ் குனிந்து நிற்கிறோம்.

கோத்தகிரிக்காரன் எழுதியது:

சகோதரி, நீங்கள் கேட்ட கேள்வியை எங்கள் வீட்டில் ஒன்பது வருடம் கேட்டுக்கொண்டிருந்தோம். அதனால் விரிவாகவே எழுதுகிறேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள்.

கோத்தகிரி பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவாத்து வேலையில் அப்பாவை மிஞ்ச அக்கம்பக்கத்தில் ஆளில்லை. 2009-ல் அவருடைய இடது கண்ணின் உள்மூலையில், மூக்கை ஒட்டி, சோற்றுப் பருக்கை அளவில் ஒரு தடிப்பு வந்தது. அப்பா நல்ல கருப்பு. ஆனாலும் அந்த இடம் மட்டும் முத்துப்போல் வெளிறி மினுங்கியது. நாளடைவில் ஓரங்கள் கருத்தன. பீளை கட்டுகிறது, கண்ணீர்க் குழாய் அடைத்திருக்கிறது என்று சொட்டு மருந்து விட்டோம். உங்கள் அம்மாவுக்கு நடப்பதேதான்: ரத்தம், பொருக்கு, உதிர்தல், ஆறியதுபோல் ஒரு தோற்றம். ஒவ்வொரு முறை பொருக்கு உதிரும்போதும் நாங்கள் நிம்மதி அடைந்தோம். மேலே பொருக்கு உதிர்ந்தபோதெல்லாம் அது அடியில் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது.

2012-ல் ஒரு மருத்துவர் சந்தேகப்பட்டார். “இது உயிரைக் கொல்லும் வகை இல்லை, ஆனாலும் எடுத்துவிடுங்கள்” என்றார். வாக்கியத்தின் முன்பாதியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம், பின்பாதியை அங்கேயே விட்டுவிட்டோம். பச்சைத் தேயிலை விலை படுத்துக் கிடந்த நேரம். தங்கைக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தோம். முகத்தில் கட்டோடு சம்பந்தி வீட்டார் முன்னால் எப்படி நிற்பது என்று அப்பா தயங்கினார். நானும் வற்புறுத்தவில்லை. கல்யாணம் முடிந்தது. பிறகு வீட்டுக் கடன். பிறகு நான் வெளியூரில் வேலைக்குப் போனேன்.

2018 ஆடி மாதம், “பாதை இரண்டாகத் தெரிகிறது” என்றார் அப்பா. இடது கண் மூக்கு பக்கம் திரும்பவில்லை. கோயம்புத்தூரில் ஸ்கேன் எடுத்தார்கள். வெளியே பார்க்கச் சுண்டைக்காய் அளவுதான். உள்ளே கண்குழியின் எலும்புச் சுவரை அரித்துக்கொண்டு, கண்ணை அசைக்கும் தசைவரை போயிருந்தது.

இடது கண்ணை எடுத்தார்கள். கண் குருடாகியிருந்ததால் எடுத்தார்கள் என்று நினைக்காதீர்கள். முதல் நாள் மாலைவரை அந்தக் கண்ணால் செய்தித்தாள் படித்தார். பார்வை உள்ள கண்ணை, இமைகளோடு, குழியில் இருந்த எல்லாவற்றோடும் சேர்த்து எடுக்கவேண்டியிருந்தது. எடுக்காவிட்டால் அடுத்தது மூளை. தொடையிலிருந்து தோல் எடுத்துக் குழியை மூடினார்கள். ஆறு வாரம் கதிர்வீச்சு. நான் வேலையை விட்டுவிட்டு மேட்டுப்பாளையத்தில் அறை எடுத்து அப்பாவோடு தங்கினேன்.

அறுவை செய்தவரிடம் கடைசி நாளில் கேட்டேன்: 2009-லேயே வந்திருந்தால்? மரத்துப்போகும் ஊசி போட்டு, புள்ளியையும் சுற்றிலும் சில மில்லிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுத்துத் தைத்து, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்போம் என்றார். அவர் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. எனக்குத்தான் அதைக் கேட்டபிறகு நடக்க முடியவில்லை.

அப்பா இருக்கிறார். வயது 77. அந்த இடத்தில் நோய் திரும்பவில்லை. “உயிருக்கு ஆபத்து இல்லை” என்று சொன்ன மருத்துவர் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் தெரிவதில்லை. தேநீரை டம்ளருக்கு வெளியே ஊற்றுகிறார். தேயிலைச் சரிவில் படி தவறி இரண்டு முறை விழுந்து, ஒரு முறை மணிக்கட்டு முறிந்தது. கவாத்துக் கத்தியை அவர் கையிலிருந்து நான்தான் வாங்கி வைத்தேன். அதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. புகைப்படம் எடுத்தால் வலப்பக்கக் கன்னம் மட்டும் தெரியும்படி ஓரமாகத் திரும்பி நிற்கிறார். பேத்திக்கு ஆறு வயது. கறுப்புத் துணி இல்லாத தாத்தாவின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஒருமுறை இந்த நோய் வந்தவருக்கு வேறு இடத்தில் புதிதாக வர வாய்ப்பு அதிகம் என்பதால் பரிசோதனைக்குத் தவறாமல் போகிறோம். 2021-ல் காது மடலில் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அரிசி அளவு. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நான்கு தையல். அன்று மாலையே பஸ் ஏறிக் கோத்தகிரிக்கு வந்து இரவு வீட்டில் சாப்பிட்டார். அதே மனிதர், அதே நோய். ஒன்றுக்கு ஒன்பது வருடம் கொடுத்தோம், மற்றதற்கு ஒரு மாதம்கூடக் கொடுக்கவில்லை.

உங்கள் அம்மா “இது கொல்லுமா” என்று கேட்கிறார். அதை அப்பாவும் கேட்டார். அந்தப் புள்ளிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். மூக்கு மடலில் தோலுக்கு அடியில் அதிக இடம் கிடையாது. மெல்லிய குருத்தெலும்பு, அதைத் தாண்டினால் மூக்கின் உள்பக்கம். கொஞ்சம் மேலே போனால் கண்மூலை.

ஓய்வுபெற்ற_செவிலியர்_குன்னூர் எழுதியது:

தங்கைக்கு வணக்கம். நீலகிரியில் 31 வருடம் கிராமச் சுகாதாரப் பணியில் இருந்தேன். கோத்தகிரிக்காரர் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை.

பெரியப்பாவின் பேச்சுக்கு முதலில் பதில். கத்தி பட்டால் பரவும் என்பது உண்மை இல்லை. இந்த நம்பிக்கை எப்படி வந்தது என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எல்லாக் களிம்பும் பூசித் தீர்ந்தபிறகு, பரவியபிறகு மருத்துவமனைக்கு வருவார்கள். அறுவை நடக்கும். சில மாதத்தில் போய்ச் சேருவார்கள். ஊருக்குக் கடைசியாகத் தெரிந்தது கத்திதான். பழியும் அதன்மேல் விழுந்துவிடும். பெரியப்பா அன்பினால்தான் சொல்கிறார், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இதில் அவர் சொல்வதைக் கேட்காதீர்கள்.

உங்கள் மருத்துவர் சந்தேகப்படுவது பேசல் செல் என்ற தோல் புற்றுநோய் வகையாக இருக்கவேண்டும். வெள்ளைத் தோல்காரர்களுக்கு அது இளஞ்சிவப்பாக வரும். நம்மைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் கருத்தே வருவதால் மச்சம், மரு என்று விட்டுவிடுகிறோம். நம் தோலின் கருமை பெரிய பாதுகாப்புதான். நமக்கு இந்த நோய் குறைவு. குறைவு என்பதாலேயே யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. அயர்லாந்தில் ஆர்தர் ஜேக்கப் என்ற மருத்துவர் 1827-லேயே இமையை அரித்துக்கொண்டே போகும் இந்தப் புண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். பிறகு இதற்கு எலி கொறிப்பதைக் குறிக்கும் பெயரே நிலைத்துவிட்டது. தூரத்து உறுப்புகளுக்குப் பரவுவது மிக மிக அரிது. இருக்கும் இடத்தைக் கொறிப்பதை மட்டும் நிறுத்தாது. கண், மூக்கு, உதடு, காது ஆகியவற்றைச் சுற்றி வந்தால் அதிகக் கவனம் வேண்டும். அங்கே ஆழமாக இறங்கும், எடுத்தாலும் திரும்ப வர வாய்ப்பு கூடுதல்.

ஆனால் நான் அவசரப்படுத்துவதற்குக் காரணம் வேறு. அது பேசல் செல் வகைதான் என்று இன்னும் யாருக்கும் தெரியாது. ஸ்குவாமஸ் செல் என்று இன்னொரு வகை உண்டு. அது மாதக்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில் வளரும். கழுத்து நெறிக்கட்டிகளுக்குப் போகக்கூடியது. உதட்டிலும் காதிலும் பழைய தழும்பிலும் வந்தால் இன்னும் மோசம். மெலனோமா என்ற கருப்பு வகையும் இருக்கிறது; அதில் தாமதம் நேராக உயிரைக் கேட்கும். நம் மக்களுக்கு அது முகத்தைவிட உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான் அதிகம் என்றாலும், கருப்புப் புள்ளியைக் கண்ணால் பார்த்து ஒதுக்கிவிட முடியாது. “மெதுவான வகை” என்பது இப்போதைக்கு ஓர் ஊகம். ஊகத்தை நம்பித் தேர்வரை காத்திருக்கவேண்டாம். பரிசோதனையை இந்த வாரமே முடியுங்கள். முடிவு பேசல் செல் என்று வந்தால், சிகிச்சையைச் சில வாரம் முன்பின் வைத்துக்கொள்ள மருத்துவரிடமே கேட்கலாம். அதற்குள் தேரும் பார்க்கலாம்.

பழைய தழும்பு என்றேன். கூடலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீட்டில் இருந்த ஓர் அம்மாவை என்னால் மறக்க முடியவில்லை. சிறுவயதில் வெந்நீர் கொட்டிய தழும்பு முன்னங்காலில் இருந்தது. ஐம்பது வயதுக்குமேல் அந்தத் தழும்பு தானாக உடைந்து புண்ணானது. சர்க்கரைப் புண் என்று மூன்று வருடம் பொடி தூவிக் கட்டியிருந்தார். சர்க்கரை அவருக்கு இல்லவே இல்லை. நான் பார்த்தபோது ஓரம் தடித்து, பூக்கோசுபோல் மேலெழும்பியிருந்தது. தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தது. முழங்காலுக்குமேல் காலை எடுத்தார்கள். அடுத்த வருடம் இறந்துவிட்டார். அடுப்போரத்தில் குளிர் காயும் நம் மலை வீடுகளில் தீத்தழும்பு இல்லாதவர்கள் குறைவு. வீட்டில் யாருக்காவது அப்படி ஒரு தழும்பு புதிதாக உடைந்து நான்கு வாரத்தில் ஆறவில்லை என்றால் அதையும் காட்டுங்கள்.

பூண்டு இனி வேண்டாம். சுண்ணாம்பும் வேண்டாம். மேல்தோலை வேகவைத்துப் பொருக்காக்கிவிடும், அடியில் இருப்பதைத் தொடாது. பார்க்கிற மருத்துவருக்கும் எல்லை தெரியாமல் போகும்.

சதை எடுப்பது பற்றி அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள். ஊசி குத்தும்போது மூக்கில் சுரீரென்று இருக்கும், அதை மறைக்கவேண்டாம். அதற்குப்பிறகு இழுப்பது மட்டும் தெரியும். மிளகில் பாதி அளவுக்கு எடுப்பார்கள், ஒன்றிரண்டு தையல் போடலாம். ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை எதுவும் சாப்பிடுகிறார் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எடுக்கவேண்டிய இடம் பெரிதாக இருந்து மூக்கு மடல் குறைந்தால், நெற்றித் தோலைத் திருப்பிக் கொண்டுவந்து மூக்கு அமைப்பார்கள். அது நம் நாட்டு வைத்தியர்களிடமிருந்து உலகம் கற்றுக்கொண்ட முறை. 1794-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்தோடு வெளிவந்தது. இன்றும் அதற்கு இந்திய முறை என்றே பெயர். நல்ல முறைதான். ஆனால் நெற்றிக்கும் மூக்குக்கும் நடுவில் தோல் பாலத்தோடு மூன்று வாரம் இருக்கவேண்டும். மிளகளவில் இருக்கும்போதே போனால் பெரும்பாலும் அது தேவைப்படாது. அறுவை தாங்காத வயதானவர்களுக்குக் கதிர்வீச்சும் உண்டு.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கும் வேலையை இன்றைக்கே தொடங்குங்கள்.

பூம்பாறை_மகள் எழுதியது:

எல்லாவற்றையும் நேற்று இரவு அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை எடுத்தது வரை பேசாமல் கேட்டார். “முதல் நாள் பேப்பர் படித்தாரா?” என்று மட்டும் கேட்டார். பிறகு எழுந்துபோய் அடுப்பை அணைத்தார். பெரியப்பாவிடம் நானே பேசுகிறேன். கோத்தகிரி அண்ணா, உங்கள் அப்பாவிடம் பேசலாமா என்று அம்மா கேட்கச் சொன்னார்.

கோத்தகிரிக்காரன் எழுதியது:

தனிச்செய்தியில் எண் அனுப்பியிருக்கிறேன். மாலை ஐந்து மணிக்குமேல் கூப்பிடுங்கள். இலை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருப்பார். காலையிலிருந்தே போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறார்.

பூம்பாறை_மகள் எழுதியது:

பேசினார்கள். இருபது நிமிடம். பாதிநேரம் பூண்டு விலையும் தேயிலை விலையும்தான். அம்மா கடைசியில், “ஊசி ரொம்ப வலிக்குமா?” என்று கேட்டார். அவர் என்ன சொன்னார் என்று தெரியவில்லை. அம்மா சிரித்தார்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் கொடைக்கானல் இறங்கி, அங்கிருந்து வத்தலக்குண்டு வழியாக மதுரை. பூண்டைப் பிடுங்க மாமா ஆள் விடுகிறார். காப்பீட்டு அட்டை, ஆதார், போன மாதச் சீட்டு எல்லாம் ஒரு பையில் போட்டாயிற்று. செவிலியர் அம்மாவிடம் ஒன்று கேட்கவேண்டும்: துளையில் இருக்கும் வேப்பங்குச்சியை இப்போதே எடுத்துவிடவேண்டுமா?

ஓய்வுபெற்ற_செவிலியர்_குன்னூர் எழுதியது:

அங்கே போய் எடுத்தால் போதும். துளைக்கும் புள்ளிக்கும் எவ்வளவு இடைவெளி என்று மருத்துவர் பார்க்கட்டும். மலை இறங்கும்போது அம்மாவை ஜன்னலோரம் உட்கார வையுங்கள். முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள்.